பெயர் ஒட்டாத தட்டு

அட்ரக்டா ஃபீனிக்கு மூக்குக்கு மேல் கோபம் வர ஒரு கடை ரொட்டி போதும். சந்தைத் தெருவில் புதிதாகத் திறந்த பெரிய கடையில், பிளாஸ்டிக் பையில் போட்டு, 'பாரம்பரிய சோடா ரொட்டி' என்று பொன்னெழுத்தில் அச்சடித்து அடுக்கி வைத்திருந்தார்கள். அவள் ஒன்றைக் கையில் எடுத்தாள். பின்பக்கம் திருப்பி, பொடி எழுத்தில் இருந்ததை எல்லாம் கடை முழுக்கக் கேட்கும்படி வாசித்தாள். சர்க்கரை. எண்ணெய். பூசணி விதை. ஈஸ்ட்.

"ஏம்மா, ஈஸ்ட் போட்டா அது எப்படி சோடா ரொட்டி ஆகும்? கழுதைக்குச் சேணம் கட்டினா குதிரை ஆயிருமா?"

"எனக்குத் தெரியாது மிஸஸ் ஃபீனி. நான் அடுக்கி வைக்கிறதோட சரி" என்றாள் கடைப் பெண்.

"அடுக்கு, அடுக்கு. உன்னைச் சொல்லி என்ன பண்றது. வாங்குறானுங்க பாரு, அவனுங்களைச் சொல்லணும்."

மாவு, உப்பு, சோடா உப்பு, மோர். இந்த நான்குக்கு மேல் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்ப்பவளை அட்ரக்டா மனுஷியாகவே மதிப்பதில்லை. ஒரு கோடையில் பாஸ்டனிலிருந்து வந்த ஒன்றுவிட்ட நாத்தனார், உலர்ந்த திராட்சையும் சர்க்கரையும் முட்டையும் போட்டதுதான் அசல் ஐரிஷ் ரொட்டி என்று அவள் அடுப்படியிலேயே உட்கார்ந்துகொண்டு பாடம் நடத்தினாள். அந்த அம்மாளுக்கு அன்றைக்கு இரண்டாவது கோப்பை டீ கிடைக்கவில்லை.

காலையில் கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டு வந்ததும் ரொட்டி வேலைதான். படியும் கிடையாது, தராசும் கிடையாது. வெள்ளை மாவை அள்ளி அகலப் பாத்திரத்தில் கொட்டி, நடுவில் குழி பறித்து, மோரை ஊற்றி, விரல்களை விறைப்பாக விரித்து வைத்துக்கொண்டு நாலு சுற்றுச் சுற்றினால் மாவு ஒன்று சேர்ந்துவிடும். பிசையக் கூடாது. பிசைந்தால் ரொட்டி செத்துப் போகும் என்பாள். உருட்டித் தட்டி, மேலே கத்தியால் ஆழமாகச் சிலுவை கீறி, சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டிகள் கனன்றுகொண்டிருக்கும் இரும்பு அடுப்புக்குள் தள்ளுவாள். வெந்து வெளியே வந்ததும் அடியில் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பாள். காலிப் பெட்டியைத் தட்டின சத்தம் வந்தால் சரி. துணியில் சுற்றி ஜன்னல் ஓரம் வைத்துவிடுவாள்.

சோடா உப்பை மட்டும் தனியாக, ஆணியில் தொங்கும் மெல்லிய சல்லடையை எடுத்து, சலித்ததையே திரும்பத் திரும்பச் சலிப்பாள். சலிக்கும்போது உதடுகள் அசையும். புதிதாகப் பார்ப்பவர்கள் ஜெபம் சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். ஜெபமாவது ஒன்றாவது. டிம்ப்னா பிரெஹனியைத் திட்டுகிறாள் என்பது எங்கள் மேட்டில் எல்லோருக்கும் தெரியும்.

டிம்ப்னாவின் வீடு அடுத்த வயலைத் தாண்டினால் வந்துவிடும். இருவரும் ஒரே வருஷத்தில் இந்த மேட்டுக்கு வாழ வந்தவர்கள். சர்க்கரை தீர்ந்தால் அவள் வீட்டிலிருந்து வரும், மோர் மிஞ்சினால் இவள் வீட்டிலிருந்து போகும். அப்படி இருந்தவர்கள்தான். பங்குச் சாமியார் வருஷத்துக்கு ஒரு வீடாக வந்து பூசை வைக்கும் முறை அந்த வருஷம் ஃபீனி வீட்டுக்கு வந்தது. அதோடு எல்லாம் முடிந்தது.

வீட்டுப் பூசை என்றால் சும்மாவா. அட்ரக்டாவின் புருஷன் ஜார்லத், சுவருக்கு வெள்ளையடித்து, கதவுக்குச் சாயம் பூசி, சாமியார் எட்டிக்கூடப் பார்க்கப்போகாத கோழிக்கூண்டுக்கும் பூசினார். பூசை முடிந்ததும் அக்கம்பக்கம் எல்லாம் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தது. டீ ஊற்றியாயிற்று. ரொட்டி அறுத்தாயிற்று. சாமியார் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அப்போது டிம்ப்னா தன் துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். நடுவில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு மஞ்சள் பொட்டு.

"ஏன் அட்ரக்டா, உன் சல்லடையில ஓட்டை விழுந்துருச்சா என்ன?"

மேஜை முழுக்கச் சிரிப்பு. சாமியாருக்கு டீ புரையேறியது. ஜார்லத்கூடச் சிரித்தார், பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். எல்லோரும் போன பிறகு அட்ரக்டா அந்தத் துண்டை எடுத்துப் பொட்டு இருந்த இடத்தைக் கடித்தாள். துணி சோப்பு கடித்த மாதிரி இருந்தது. சோடா உப்பு கட்டி கட்டியாக விழுந்திருக்கிறது, அவள் சரியாகச் சலிக்கவில்லை. டிம்ப்னா சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அட்ரக்டா அன்றைக்கே வாசலில் நின்று பதில் கொடுத்துக் கணக்கை முடித்திருப்பாள். உண்மையாகப் போயிற்றே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அன்றிலிருந்து பேச்சு இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம் வந்தால், அட்ரக்டா பின்பெஞ்சில் இருக்கும் கைக்குழந்தைக்காவது கை கொடுப்பாளே தவிர, பக்கத்தில் நிற்கும் டிம்ப்னா பக்கம் திரும்ப மாட்டாள். நடுவில் சமரசம் பேசப்போன பெர்னியிடம் டிம்ப்னா, "நான் என்ன இல்லாததையா சொன்னேன்?" என்று கேட்டாளாம். பெர்னி அதை அப்படியே கொண்டுவந்து ஒப்பித்துவிட்டாள். எங்கள் மேட்டில் கல்யாணமோ சாவோ, அடுப்படியைக் கையில் எடுத்துக்கொள்பவள் பெர்னி. நல்ல மனசு. வாய்க்குத்தான் தாழ்ப்பாள் கிடையாது.

"அவ சுடுறதெல்லாம் ஒரு ரொட்டியா? தவிட்டையும் ஓட்ஸையும் போட்டுக் கறுப்பா எதையோ சுட்டு வைக்கிறா. அதைத் தூக்கி எறிஞ்சா நாய் செத்துரும். அவ என் ரொட்டியைப் பேசுறா" என்பாள் அட்ரக்டா. டிம்ப்னா தவிட்டு மாவு ரொட்டி தவிர வேறு எதுவும் சுட்டதில்லை என்பது உண்மைதான். ஒரு துண்டைப் பார்த்தாலே எந்த வீட்டு ரொட்டி என்று சொல்லிவிடுவேன் என்று அட்ரக்டா பெருமையடித்துக்கொள்வதும் உண்மைதான்.

பிறகு ஜார்லத் இறந்துபோனார். வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வயலிலேயே உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்கு யாரும் வெறுங்கையோடு போக மாட்டார்கள். ரொட்டியோ கேக்கோ சாண்ட்விச்சோ, வீட்டுத் தட்டிலேயே வைத்து மூடிக்கொண்டு வருவார்கள். தட்டு திரும்பிப் போகவேண்டும் அல்லவா, அதற்காக அடியில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டிப் பேனாவால் பெயர் எழுதியிருக்கும். அடக்கம் முடிந்த பிறகு தட்டுகளைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்து வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வரவேண்டும். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதும் அப்போதுதான் தெளிவாகத் தெரியும்.

டிம்ப்னா வரவில்லை. அவள் புருஷன் மலக்கி வந்தார், அட்ரக்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார், பெட்டிக்குத் தோள் கொடுத்தார். தேவாலயத்தில் டிம்ப்னா கடைசி பெஞ்சில் இருந்தாளாம். வீட்டு வாசலை மிதிக்கவில்லை. தட்டுகளைக் கவிழ்த்துப் பார்த்தபோது அந்தப் பெயரும் இல்லை. என்ன ஆனாலும் சாவுக்கு வரவேண்டாமா? ரொட்டியில் பொட்டைக் காட்டியதைக்கூட ஒரு நாள் மறந்திருக்கலாம். இதை எப்படி மறப்பது?

அந்த இரண்டு நாளும் அட்ரக்டாவுக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. இரண்டாம் நாள் பெர்னி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, டீயும் வெண்ணெய் தடவிய வெள்ளை ரொட்டி ஒரு துண்டும் கையில் திணித்தாள். ஒரு வாய் கடித்தாள். இறங்கியது. அந்தத் துண்டை முழுதாகத் தின்று, இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றாள்.

"யாரு வீட்டு ரொட்டி இது?"

"தெரியல. பின்கதவுக்கு வெளியே ஜன்னல் திண்டுல மூடி வச்சிருந்துச்சு. நான்தான் எடுத்துட்டு வந்தேன்."

"யாரா இருந்தாலும் கை நல்ல கை" என்றாள் அட்ரக்டா.

எல்லாத் தட்டும் போன பிறகு அந்த ஒரு தட்டு மட்டும் மிஞ்சியது. மெல்லிய பச்சைக் கோடு ஓடும் வெள்ளைத் தட்டு. எங்கள் மேட்டில் பாதி வீடுகளில் இதே தட்டுதான். ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்து, யாரோ பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். அடியில் பிளாஸ்திரி இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை விட்டு வெளியே வரும் பெண்களிடம் எல்லாம் காட்டிக் கேட்டாள். யாரும் எங்களுடையது என்று சொல்லவில்லை. ஒரே ஒருத்தியிடம் மட்டும் அவள் கேட்கவில்லை. அவளிடம் கேட்பாளா என்ன?

தட்டு அவள் வீட்டிலேயே தங்கிவிட்டது. தன் ரொட்டிக்கு அளவெடுத்துச் செய்தது போல இருந்ததால் அட்ரக்டா அதிலேயே வைத்து அறுக்க ஆரம்பித்தாள். வேறு வீட்டுச் சாவுகளுக்குப் போகும்போதும் அதே தட்டு. அடியில் பிளாஸ்திரி ஒட்டி, 'அ. ஃபீனி' என்று எழுதிக்கொண்டாள்.

அப்படியே சில வருஷம் ஓடிய பிறகு ஒரு நாள், ஆம்புலன்ஸ் அந்த வயலைத் தாண்டி டிம்ப்னா வீட்டுப் பக்கம் போனதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். யாரையும் விசாரிக்கவில்லை. மறுநாள் காலை, மாவைப் பாத்திரத்தில் கொட்டி நடுவில் குழி பறித்திருந்த நேரம், பெர்னி கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள்.

"டிம்ப்னா போயிட்டா, அட்ரக்டா. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே."

அட்ரக்டாவின் கை மாவிலேயே நின்றது. "எங்கிட்ட ஏன் சொல்ற?"

"இன்னிக்கு மத்தியானத்துக்கு மேல உடம்பை வீட்ல வைக்கிறாங்க. நீ வரணும்."

"நான் வரணுமா? எம் புருஷன் கூடத்துல கிடந்தப்போ அவ வந்தாளா? கூப்பிட்டா கேக்குற தூரம். ஆளும் வரல, தட்டும் வரல. தவிட்டு ரொட்டி ஒண்ணு கொண்டாந்து வச்சிருந்தாக்கூட நான் அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன்."

"செத்தவகிட்ட என்ன வழக்கு வேண்டிக்கிடக்கு?"

"செத்துட்டா வழக்கு தள்ளுபடியா? நல்லாருக்கே உங்க நியாயம்." சோடா உப்பு டப்பாவைத் திறந்து, உள்ளங்கையில் தட்டி, மாவில் போட்டாள். உப்பைப் போட்டாள். "எம் புருஷன் சாவுக்கு ஏன்டி வரலன்னு என்னைக்காவது ஒரு நாள் மூஞ்சிக்கு நேரா கேக்கணும்னு நெஞ்சுக்குள்ளேயே வச்சிருந்தேன். அதைக்கூடக் கேக்க விடாம போயிட்டா. செத்தும் கெடுக்குறா பாரு." மோரை ஊற்றினாள். கை தன் பாட்டுக்குச் சுற்றியது, வாய் தன் பாட்டுக்குப் பேசியது.

"சரி, நீ வரலன்னு மலக்கிகிட்ட சொல்லிடறேன்."

"நில்லுடி. யார் வரலன்னது?" அட்ரக்டா கத்தியை எடுத்து ரொட்டியின் மேல் சிலுவை கீறினாள். கொஞ்சம் அதிகமாகவே ஆழமாக விழுந்தது. "வரேன். ரொட்டியோட வரேன். எம் பேரைப் பெருசா எழுதி ஒட்டிக்கிட்டு வரேன். அவ வராத இடத்துக்கு நான் வந்தேன்னு ஊர் பார்க்கட்டும். தட்டைத் திருப்பிக் கொடுக்க மலக்கி இந்த வீட்டுப் படி ஏறுவார்ல, அப்ப கேக்குறேன்."

ரொட்டி வெந்து ஆறியதும் பழைய பிளாஸ்திரியைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று ஒட்டி, கொட்டை எழுத்தில் முழுப் பெயரையும் எழுதினாள். கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, டிம்ப்னாவோடு பேச்சு நின்றதிலிருந்து கால் வைக்காத அந்த வயல் வரப்பில் நடந்து போனாள். தூறல் போட்டது. தட்டைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

வீடு நிறையக் கூட்டம். முன்னறையில் பெட்டி இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பாமல் நேரே அடுப்படிக்குப் போய், மேஜைக்கு நட்டநடுவில், மற்றவர்களின் கேக்குகளை ஒதுக்கிவிட்டுத் தன் தட்டை வைத்தாள். மலக்கி ஞாயிற்றுக்கிழமைக் கோட்டில், தலை வாரி, யாரோ கொண்டுவந்து உட்காரவைத்த மாதிரி மேஜையோரம் உட்கார்ந்திருந்தார்.

"உங்க துக்கத்துல பங்கெடுத்துக்கறேன், மலக்கி." அதை விறைப்பாகத்தான் சொன்னாள்.

"வந்தியா, அட்ரக்டா." அவர் அனிச்சையாகத் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். ஓரத்தில் விரல் பட்டது. விரல் அங்கேயே நின்றது. ஒட்டியிருந்த சில்லை ஒரு முறை தடவிப் பார்த்தார். பிறகு ரொட்டியைத் தூக்கி பெர்னி கையில் கொடுத்துவிட்டு, தட்டைக் கவிழ்த்து, அடியில் இருந்த பெயரை வாசித்தார். சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. வீட்டில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அட்ரக்டாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எதுக்குச் சிரிக்கிறீங்க? எம் பேருல என்ன சிரிப்பு?"

"பேருல ஒண்ணுமில்ல. தட்டு எங்க தட்டு." அவர் சில்லைக் காட்டினார். "இதை உடைச்சவன் நான், ஒட்டினவனும் நான். டான்ஸி வீட்டுச் சாவுல டிம்ப்னா இதைத் திருப்பிப் பார்த்துட்டா. 'என் தட்டுல அட்ரக்டா பேரை ஒட்டி வச்சிருக்கா'ன்னு வீடு வந்து சேர்ற வரைக்கும் சிரிச்சா. அந்த மாதிரி அவ சிரிச்சு நான் பார்த்ததே இல்ல."

"அது வெள்ளை ரொட்டி. உங்க வீட்ல ஏது வெள்ளை ரொட்டி?" என்றாள் அட்ரக்டா. குரல் ஏறிவிட்டது.

"அதுக்குன்னு கடைக்குப் போய் வெள்ளை மாவு வாங்கிட்டு வரச் சொன்னா. முதல்ல சுட்டது ரெண்டும் சரியில்லைன்னு கோழிக்குப் போட்டா. சோடாவைச் சலிச்சா, சலிச்சா, சலிச்சுக்கிட்டே இருந்தா. ஒரு பொட்டு கண்ல பட்டாலும் அட்ரக்டா என்னைப் புதைச்சுருவான்னா."

"அப்ப உள்ள வர்றதுக்கு என்ன? வாசல் என்ன பூட்டியா கிடந்துச்சு?"

"நானும் அதைத்தான் கேட்டேன். மழையில நனைஞ்சுக்கிட்டு ஜன்னல்ல வச்சுட்டு வந்துட்டா. 'அவளுக்கு இன்னிக்குச் சண்டை போடத் தெம்பு இல்ல. தெம்பு இல்லாதவ முன்னாடி போய் நின்னா எங்கிட்ட மரியாதையாப் பேசித் தொலைவா. அது எனக்கு வேண்டாம்'னு சொன்னா. பேர் ஒட்டியிருந்தா நீ அதைத் தின்ன மாட்டியாம்." மலக்கி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்த ரொட்டியைத் தின்னாளான்னு பெர்னிகிட்ட, யாரு சுட்டதுன்னு காட்டிக்காம, ஜாடையாக் கேட்டுட்டு வாங்கன்னு என்னைப் போட்டுப் பிடுங்கினா. தின்னா, ரெண்டு துண்டு தின்னான்னு வந்து சொன்னேன். அவ்வளவுதான். அதுக்கப்புறம் அதைப் பத்திப் பேசல."

அட்ரக்டா தட்டை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். தொட்டிக்குப் போய், தண்ணீரைத் திறந்துவிட்டு, பிளாஸ்திரியை நகத்தால் சுரண்டினாள். புதுப் பிளாஸ்திரி, லேசில் வரவில்லை. அவள் உடம்பு முழுக்கக் கோபம். இத்தனை வருஷம் அவளுக்கென்று இருந்த ஒரே நியாயத்தை மலக்கி ஒரு பேச்சில் பிடுங்கிக்கொண்டார். தட்டைத் துடைத்து, அலமாரியில் அதே பச்சைக் கோடு போட்ட தட்டுகளோடு நிறுத்திவிட்டு, முன்னறைக்குப் போனாள். பெட்டிக்கு முன்னால் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள்.

டிம்ப்னா நீலச் சட்டையில், விரல்களில் ஜெபமாலை சுற்றிப் படுத்திருந்தாள். வாய் மூடியிருந்தது. அந்த வாய் மூடி அட்ரக்டா பார்த்தது அன்றைக்குத்தான்.

"பேரை எழுதி ஒட்டித் தொலைச்சிருக்கக் கூடாதாடி?" என்றாள் அட்ரக்டா. குரல் தணிந்துதான் இருந்தது, ஆனால் அறையில் எல்லோருக்கும் கேட்டது. "தூக்கிக் கோழிக்குப் போட்டிருப்பேன்தான். போட்டுட்டு வந்து உன் வாசல்ல நின்னு கத்தியிருப்பேன். நீயும் கத்தியிருப்ப. அதோட முடிஞ்சிருக்கும்ல."

பின்னால் பெர்னி வந்தாள், ஒரு கையில் டீ, ஒரு கையில் ரொட்டித் துண்டு. "வாயில ஏதாவது போடு. உன் ரொட்டிதான், எல்லாருக்கும் அறுத்துக் கொடுத்தாச்சு. கொஞ்சம்தான் மிச்சம்."

அட்ரக்டா துண்டை வாங்கினாள். நடுவில் ஒரு மஞ்சள் பொட்டு. கட்டைவிரல் நகம் அளவுக்கு. பக்கத்திலேயே இன்னொன்று. காலையில் பெர்னியோடு மல்லுக்கு நின்ற வேகத்தில் அவள் சோடா உப்பை அப்படியே மாவில் போட்டிருக்கிறாள். சல்லடை ஆணியில் தொங்கினது தொங்கினபடி இருந்தது.

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். எல்லோர் கையிலும் அந்த ரொட்டி. சாமியார் மெதுவாக மென்றுகொண்டிருந்தார். ஒருவர் மஞ்சளாக இருந்த மூலையைப் பிட்டு டீத் தட்டுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார்.

"ரொட்டி எப்படி இருக்கு, ஃபாதர்?"

"அருமையா இருக்கு, அட்ரக்டா. எப்பவும் போல."

"பிரமாதம்" என்றார் தட்டுக்கு அடியில் ஒளித்தவர்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் பெர்னி, தரையைப் பார்த்துக்கொண்டு.

அவர்கள் யாரையும் அவள் மதிக்கவில்லை. பெட்டியின் பக்கம் திரும்பி, அந்தத் துண்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

"பாரு, டிம்ப்னா. உன் சாவுக்கு நான் கொண்டாந்த ரொட்டியைப் பாரு. இத்தனை பேர் தின்னுட்டு உட்கார்ந்திருக்காங்க, ஒருத்தருக்காவது வாய் இருக்கா பாரு." அவள் குனிந்தாள். "சொல்லு. சல்லடையில ஓட்டையான்னு கேளு. கேளேன்டி."

வெளியே தூறல் வலுத்துவிட்டது. அட்ரக்டா கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். பிறகு அந்தத் துண்டை, மஞ்சளோடு சேர்த்து, நின்றபடியே தின்று முடித்தாள்.